குடலும் மனமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: “ஸ்கேனில் ஒன்றுமே இல்லை, எல்லாம் மனப்பிரமை.”

அடிவயிறு முறுக்கி வலிப்பதும், சில நாள் பேதியும் சில நாள் மலச்சிக்கலுமாக உபாதை மாறி மாறி வருவதுமாக மாதக்கணக்கில் அவதியுறும் ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome) என்னும் குடல் உபாதை கொண்ட நோயாளியிடம், வீட்டாரும் சில வேளைகளில் வைத்தியருங்கூடச் சொல்லிவிடும் இந்த வாக்கியத்தைப் போல் அநியாயமானது வேறொன்றில்லை. 1973-ஆம் ஆண்டில் ரிச்சி என்ற ஆராய்ச்சியாளர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனைச் செலுத்தி விரித்துப் பார்த்தபோது, 60 மில்லிலிட்டர் அளவிலேயே நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் வலியை உணர்ந்தனர். ஆரோக்கியமுள்ளவர்களிலோ மிகச் சிலரே உணர்ந்தனர். குடலின் உருவத்தில் விகாரமில்லை. அதன் நரம்புகளும், அவை அனுப்பும் செய்தியை ஏற்கும் மூளையுமே அளவுக்கு மீறிக் கூருணர்வு கொண்டிருக்கின்றன. குடலில் கிருமி தொற்றிய பின்னும் இவ்வுபாதை தொடங்குவதுண்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடா தேசத்து வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில், குடிநீரில் கிருமி கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். அவர்களுள் மருத்துவ ஆதாரத்துடன் குடலழற்சி கண்டவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோரிடம், கிருமி அகன்று ஈராண்டுகள் கழிந்த பின்னரும் ஐ.பி.எஸ். லட்சணங்கள் காணப்பட்டன. இதைப் பிரமையென்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது?

நம்பிக்கை: “அப்படியானால் மனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.”

இதுவும் பிழையே. ஆஸ்திரேலியாவில் பொதுமக்களைப் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வு, கவலை மிகுந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இத்தகைய குடல் உபாதை தோன்றும் வாய்ப்பு அதிகம் என்பதையும், முதலில் குடல் உபாதை மட்டுமே இருந்தவர்களைப் பின்னர் கவலையும் மனச்சோர்வும் பற்றும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஒருங்கே காட்டிற்று. ஆகவே, மனமே மூலம் என்று ஒருதலையாகத் தீர்ப்புரைப்பவர், வயிறு படுத்தும் பாட்டால் வெளியே செல்லவும் அஞ்சி மனமொடிந்தவரையே குற்றவாளியாக்குகிறார்.

நம்பிக்கை: “மனச்சோர்வு மாத்திரை எழுதிவிட்டார், என்னைப் பைத்தியமென்று எண்ணிவிட்டார்.”

இல்லை. அமிட்ரிப்டிலின் என்னும் அம்மருந்து, மனச்சோர்வுக்குத் தருவதினும் குறைந்த அளவில், வலியின் நரம்புச் செய்தியைத் தணிப்பதற்காக இங்கே கொடுக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை தந்து நடத்தி, 2023-இல் வெளியிட்ட சோதனையில், அது போலி மாத்திரையைவிட நற்பயன் அளித்தது. சிந்தனையையும் பழக்கத்தையும் திருத்தும் உளவியல் சிகிச்சையும் பலருக்கு உதவுகிறது.

ஆயினும், மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், சோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் உபாதை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவுகட்டாமல் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.