வெயிலை அறியாத வாட்

அன்புத் தம்பிக்கு,

ஜனவரியில் சென்னை மாரத்தான், மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை, அதற்கு ஷூ லேஸில் மாட்டும் பவர் மீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கப்போகும் பொருள் என்பதால் யோசித்துத்தான் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் மீட்டர் பயனுள்ள கருவிதான். ஆனால் நீ ஓடும் ஊரில் ஓட்டக்காரனைச் சாய்ப்பது வெயிலும் புழுக்கமும். அவை இரண்டையும் அந்தக் கருவி அறியாது. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் காசு வீணாகாது.

அது எதை அளக்கிறது என்பதைப் பார்ப்போம். சைக்கிள் பந்தயக்காரர்களிடமிருந்து ஓட்டத்துக்கு வந்த யோசனை இது. ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் 1986-இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம்தான் சைக்கிள் பவர் மீட்டருக்கு வழி திறந்தது. கால் மிதிக்கும்போது கிராங்க்கின் உலோகம் மிக நுண்ணிய அளவில் நெளியும். அங்கே ஒட்டியிருக்கும் உணரிகள் அந்த நெளிவை அளந்து விசையைச் சொல்லும். விசையோடு சுழலும் வேகத்தைப் பெருக்கினால் வாட். வீட்டு ஈ.பி. மீட்டர் மாதிரி: செலவாகும் கரண்ட் அத்தனையும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். ஓட்டத்தில் எல்லா விசையும் கடந்துபோகிற அப்படியோர் இடம் கிடையாது. ஷூவில் மாட்டிய பாட் செய்வது, தெருவில் நின்றுகொண்டு எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது, எந்த மாடியில் ஏ.சி. ஓடுகிறது என்று பார்த்து அந்த வீட்டின் கரண்ட் பில்லைச் சொல்கிற வேலை. பழகிய கண்ணுக்கு அது நெருக்கமாகவே வரும். ஆனாலும் கணிப்புதான்.

கால் எப்படி வீசுகிறது, தரையில் எவ்வளவு நேரம் தங்குகிறது, காற்றழுத்தத்தின்படி எவ்வளவு உயரம் ஏறினாய், பிறகு நீ ஆப்பில் பதிந்த உடல் எடை, இவையெல்லாம் அந்தக் கணிப்புக்குள் போகின்றன. எடையை 60 என்று போட்டவன் நடுவில் 63 என்று மாற்றினால், ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே வாட் ஏறிவிடும். ஜனவரி வரைக்கும் ஒரே எடையை வைத்திரு.

இன்னொன்று அதன் கணக்கில் வரவே வராது. ஒவ்வொரு அடியிலும் உன் குதிகால் தசைநாண் இழுபட்டு ஆற்றலைச் சேர்த்து வைத்து, கால் கிளம்பும்போது திருப்பித் தருகிறது. தசை உழைக்காமல் கிடைக்கும் அந்தப் பங்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். 60 கிலோ எடையுள்ள இரண்டு பேர் ஒரே வேகத்தில் ஓடினால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வாட் காட்டும். ஒருவன் பேசிக்கொண்டே ஓடுவான், மற்றவனுக்கு மூச்சு வாங்கும். உன் குழுவில் யாராவது தன் வாட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டால் அதை நீ காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிராண்டுக்குப் பிராண்டும் எண் மாறும். அமெரிக்காவின் போல்டர் நகரத்து ஸ்ட்ரைட் நிறுவனம் 2016-இல் இந்தப் பாட்டைக் கொண்டுவந்தது. போலார் 2018-இல் மணிக்கட்டிலேயே ஓட்டப் பவரைக் காட்டியது. 2022-இல் ஆப்பிள் வாட்ச்சும் அதில் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூத்திரம். ஒரே ஓட்டத்துக்கு கார்மின் காட்டும் வாட் ஸ்ட்ரைட் காட்டுவதைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கும். ஸ்பெயினின் முர்சியாவில் ஐந்து வகைக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப அளந்தபோது ஸ்ட்ரைட்தான் குறைவாகப் பிசகியது என்றும், உடல் செலவழித்த ஆக்சிஜனோடு அதுவே நெருக்கமாக ஒத்துப்போனது என்றும் கண்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பிசகாமைதான். எண் உண்மையான வாட்டாக இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரே ஆளுக்கு, ஒரே கருவியில், இன்றும் அடுத்த மாதமும் ஒரே மாதிரி அளந்தால் பயிற்சிக்கு அது போதும்.

இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்வது ஏற்றத்தில். உன் இலக்கு, கிலோமீட்டருக்கு 5 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பேஸ். 60 கிலோ உடம்போடு சமதளத்தில் அந்தப் பேஸுக்கு ஸ்ட்ரைட் 200-க்குக் கொஞ்சம் மேலே காட்டும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சாலையில் அதே பேஸை விடாப்பிடியாகப் பிடித்தால், உடம்பை உயரே தூக்குவதற்கு மட்டும் இன்னும் 98 வாட் வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல்தான்: எடை, புவியீர்ப்பு, நொடிக்கு ஏறுகிற 17 சென்டிமீட்டர். ஏறத் தொடங்கிய முதல் நிமிடத்தில் ஹார்ட் ரேட் இன்னும் கீழேயே நிற்கும், கால்களும் புதிதாகத்தான் இருக்கும். இதயம் மெல்ல ஏறி வந்து எச்சரிக்கும்போது மிஞ்சி உழைத்தாகிவிட்டது. வாட் சில நொடிகளில் சொல்லிவிடும். ஏலகிரிக்குப் போனால் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் பேஸை மறந்து வாட்டை மட்டும் நிலையாகப் பிடித்து ஏறிப் பார். எவ்வளவு மெதுவாக ஏற வேண்டியிருக்கிறது என்பது உன்னைத் திடுக்கிட வைக்கும்.

இறக்கத்தில் நேர்மாறான ஆபத்து. வாட் தானாகக் குறையும். இலக்கை எட்டுகிறேன் என்று வேகத்தைக் கூட்டினால் முன்தொடைத் தசைகள் ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடித்தே அடி வாங்கும். மூச்சு வாங்காததால் அது அப்போது தெரியாது. இறக்கத்தில் வாட்டைத் துரத்தாதே, கால் இயல்பாக உருளும் வேகத்துக்கு விட்டுவிடு.

இதையெல்லாம் ஒரே சாலையில் வைத்துப் பார்க்க பாஸ்டன் மாரத்தானைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஹாப்கின்டன் என்ற ஊரில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஏறக்குறைய கடல்மட்டத்தில் பாஸ்டன் நகருக்குள் முடிகிற பாதை. ஆரம்பமே சரிவு. உற்சாகத்தில் அங்கே பாய்கிறவர்களின் தொடைகளை, பாதிக்கு மேல் தூரம் கடந்தபின் நியூட்டன் பகுதியின் நான்கு ஏற்றங்கள் சோதிக்கும். கடைசி ஏற்றத்துக்கு ஹார்ட்பிரேக் ஹில் என்று பெயர். அறுநூறு மீட்டர் நீளம், முப்பது மீட்டர்கூட ஏறாது. ஆனால் வருவது 32-ஆவது கிலோமீட்டரைத் தாண்டி.

2011-இல் அந்தச் சாலையில் முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளியது. கென்யாவின் ஜெஃப்ரி முடாய் 2:03:02-இல் ஓடினார். அதுவரை மாரத்தானில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. இறங்கிச் செல்லும் ஒருவழிப் பாதை என்பதால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. 2018-இல் அதே சாலையில் கொட்டும் குளிர் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. ஜப்பானின் யூகி கவாவுச்சி 2:15:58-இல் ஜெயித்தார். இந்த இரண்டு நாட்களையும் பேஸை வைத்து ஒப்பிடவே முடியாது. காற்றை ஓரளவு கணக்கில் எடுக்கும் பாட் இங்கே உதவும். 2019 முதல் வந்த ஸ்ட்ரைட்டில் அதற்கென்று ஒரு துளையே இருக்கிறது. காற்று எவ்வளவு தின்கிறது என்பது புதிய கேள்வி அல்ல. 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியலாளராகப் போன கிரிஃபித் பியூ, முன்னால் ஓடுபவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஒட்டி ஓடினால் காற்றுத் தடை பெருமளவு இல்லாமல் போகிறது என்று 1971-இலேயே எழுதினார். எதிர்க்காற்று நாளில் வாட்ச்சைப் பார்ப்பதைவிட ஓர் அகலமான முதுகைத் தேடிக்கொள்வது லாபம்.

அந்த இரண்டு பாஸ்டன் பந்தயங்களுக்கும் நடுவில் 2012 இருக்கிறது. உனக்கு முக்கியம் அந்த வருஷம்தான். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்து, விரும்பியவர்கள் அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடலாம் என்று அமைப்பாளர்களே அறிவித்தார்கள். ஜெயித்த வெஸ்லி கோரிர் எடுத்துக்கொண்டது 2:12:40. முந்தைய ஆண்டு அதே சாலையில் பறந்த முடாய் பாதியில் விலகினார். அதே ஏற்றம், அதே சரிவு. அன்று எந்தக் கருவியை மாட்டி ஓடியிருந்தாலும் அது வழக்கம்போலவே வாட் காட்டியிருக்கும்.

காரணத்தை எண்ணிலேயே சொல்கிறேன். சமதளத்தில் ஓட, கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ ஆள் மணிக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் மணிக்கு 720 கிலோகலோரி. வாட்டில் சொன்னால் கிட்டத்தட்ட 840. உன் வாட்ச் 200 சொச்சம் காட்டும்போது உடம்பு உள்ளே எரிப்பது அதைப்போல நான்கு மடங்கு. அதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அந்த வெப்பம் தோல் வழியாக, வேர்வை ஆவியாகி வெளியேற வேண்டும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை ஆவியாகாமல் முழங்கையில் சொட்டும். சொட்டுகிற வேர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. இதயம் ரத்தத்தைத் தசைக்கும் தோலுக்கும் பங்கிட்டு அனுப்பப் போராடும். வாட் அசையாது.

ஆனால் அந்த அசையாத தன்மையையே நீ பயன்படுத்திக்கொள்ளலாம். ஞாயிறு லாங் ரன்னில் வாட்டை ஒரே அளவில் பிடித்து ஓடு. முதல் அரை மணியில் 180 வாட்டுக்கு ஹார்ட் ரேட் 142, கடைசி அரை மணியில் அதே 180-க்கு 164 என்று வைத்துக்கொள். இடையில் விழுந்த இந்த 22 துடிப்புகளில்தான் அன்றைய புழுக்கம், நீ குடிக்காத தண்ணீர், முந்தைய இரவின் தூக்கக் குறைவு, உன் பயிற்சியின் நிலை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பேஸை வைத்தும் இதைப் பார்க்கலாம்தான். ஆனால் நடுவில் ஒரு மேம்பாலம், கொஞ்சம் கடல்காற்று, ஜி.பி.எஸ். தடுமாறும் கட்டடங்கள் வந்தால் கணக்கு கலங்கிவிடும். வாட்டை வைத்தால் ஓரளவு சுத்தமாக வரும். வாரத்துக்கு வாரம் அந்த இடைவெளி சுருங்கினால் நீ தேறுகிறாய். ஒரு வாரம் திடீரென்று விரிந்தால் அடுத்த இன்டர்வலைத் தள்ளிப்போடு. சமதளத்திலும் வெயிலிலும் ஓடுகிறவனுக்கு இந்தக் கருவியின் பெரிய பயன் இதுதான் என்று நான் நம்புகிறேன். கடைக்காரர்கள் இதைச் சொல்லி விற்பதில்லை.

பயிற்சிக்கு ஒரு அடிப்படை எண் வேண்டும் என்றால் இரண்டு சோதனை ஓட்டம் போதும். டிராக்கில் 3 நிமிடம் முழு மூச்சாக ஓடு. நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 9 நிமிடம் ஓடு. முதலாவது 300 வாட், இரண்டாவது 264 வாட் என்று வந்தால், மொத்த வேலை 54,000 ஜூலும் 1,42,560 ஜூலும். வித்தியாசத்தை இடையிலுள்ள 360 நொடிகளால் வகுத்தால் 246. அதுதான் உன் கிரிட்டிகல் பவர், நீண்ட நேரம் தாங்கும் உழைப்பின் மேல் எல்லை. 1965-இல் மோனோ, ஷெரெர் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து இயங்கும் தசைக் குழுக்களை வைத்துக் கண்ட கணக்கிலிருந்து வளர்ந்தது இது. டெம்போ அதற்குச் சற்றுக் கீழே, நீண்ட இன்டர்வல் சற்று மேலே. மாரத்தானுக்கு, மூன்றரை மணி இலக்குள்ளவர்கள் இதில் நூற்றுக்கு 85-ஐ ஒட்டித் தொடங்குவது பத்திரம். ஆனால் மார்கழி விடியலில் எடுத்த எண்ணை வைகாசிக்குக் கொண்டுபோகாதே. அதேபோல ஊட்டிக்குப் பயிற்சிக்குப் போனால், 2,240 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. சென்னை வாட்டை அங்கே முதல் வாரம் தேடினால் படுத்துவிடுவாய்.

எண்ணை விட்டுவிட்டு உடம்பை மட்டும் கேட்டால் போதுமே என்று உன் சீனியர்கள் சொல்வார்கள். பாதி சரி. அந்த 2018 பாஸ்டனில் பெண்கள் பந்தயத்தில் ஓடிய டெஸ் லிண்டன் தொடக்கத்தில் மிக மோசமாக உணர்ந்தார். விலகிவிடலாம் என்று நினைத்து, கூட ஓடிய ஷலேன் ஃபிளானகனிடம் உதவி வேண்டுமானால் கேள் என்றார். ஃபிளானகன் கழிவறைக்கு ஒதுங்கியபோது அவருக்காகக் காத்திருந்து மீண்டும் கூட்டத்தோடு கொண்டுவந்து சேர்த்தார். விலக நினைத்த லிண்டன்தான் 2:39:54-இல் ஜெயித்தார், 33 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே வென்ற அமெரிக்கப் பெண்ணாக. முதல் பத்து கிலோமீட்டரில் உடம்பு சொல்வதும் தவறாகலாம், நல்ல பக்கமும் கெட்ட பக்கமும். அதனால்தான் மூச்சு, இதயம், வாட் மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பந்தய நாளன்று இதைச் செய். முதல் பத்து கிலோமீட்டர் வாட்டுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள், கூட்டம் இழுத்தாலும் அதைத் தாண்டாதே. பாலம் ஏறும்போதும் அதே வரம்பு. பாதி தூரத்துக்குப் பிறகு, வெயில் ஏறியதும், ஹார்ட் ரேட்டும் மூச்சும் சொல்வதைக் கேட்டு வாட்டைக் குறையவிடு. குறைகிறதே என்று பதறாதே. கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு வாட்ச்சையே பார்க்க வேண்டாம்.

இப்போதைக்குப் பாட் வாங்காதே. உன் வாட்ச்சில் வரும் வாட்டையே ஆறு வாரம் குறித்து வா. பக்கத்தில் ஹார்ட் ரேட், காலை வெப்பம், மூச்சு எப்படி இருந்தது என்று ஒரு வரி. எண்கள் ஒரே பாதையில், ஒத்த காலைகளில் கன்னாபின்னாவென்று ஆடினால் பாட் வாங்கலாம், அதற்கு நானே ஆள் பார்த்துத் தருகிறேன். ஓரளவு நிலையாக இருந்தால் அந்தப் பணத்தில் நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கு, மீதியில் ஏலகிரிக்கு இரண்டு முறை போய் வா. ஆறாவது வாரம் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பு. டெஸ்ட் எந்த வாரம் வைப்பது என்று பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்