விதை நெல்லை வீட்டிலே பேணும் முறை

உரமும் எரிபொருளும் கடல் கடந்து வருபவை. வரவு தடைப்படின் வயல் வாடும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், 2022 இல் எரிபொருளுக்காக நீண்ட வரிசைகளில் காத்து நின்றபோதும் கமக்காரர் இதனை நன்குணர்ந்தனர். உரம் குறைந்தால் விளைவு குறையும். விதை இல்லையேல் விளைவே இல்லை. ஆதலின் ஒவ்வொரு கமக்காரரும் தமக்கு வேண்டிய விதையைத் தாமே பேணும் முறையை அறிந்திருத்தல் அவசியம்.

1. வயலில் தெரிதல்

விதைக்கென எடுக்கும் பகுதியை அறுவடைக்கு முன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும். வரம்போரத்தை விலக்கி, பயிர் சீராக நிற்கும் நடுப்பகுதியைத் தெரிக. பூக்கும் காலத்தில் ஒருமுறையும் கதிர் பழுத்தபின் ஒருமுறையும் வயலில் இறங்கி, உயரத்திலோ நிறத்திலோ வேறுபட்ட கலப்புப் பயிர்களையும், களை நெல்லையும், நோயுற்றவற்றையும் வேருடன் பிடுங்கி அகற்றுக. இந்நெல்லை வேறாகச் சூடடித்தல் வேண்டும். சூடடிக்கும் களத்திலும் சாக்கிலும் பழைய நெல் ஒட்டியிருப்பின் இனம் கலந்துவிடும்.

2. உலர்த்தல்

நெல்லைப் பாயில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துக. உச்சி வெயிலில் சூடேறிய சீமெந்துத் தரையில் நேரே பரப்புதல் முளைத்திறனைக் கெடுக்கும். ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது. கருவி இல்லாதவர் நெல்மணியைப் பல்லால் கடித்துப் பார்க்கலாம். நன்கு உலர்ந்த மணி ஓசையுடன் உடையும், ஈரமணி நசியும். நெல் ஆறியபின்னரே சாக்கில் இடல் வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பற்றும்.

3. சேமித்தல்

சாக்குகளைப் பலகையின்மேல், சுவரிற் படாது அடுக்குக. கொம்பறையில் இடுவோர் முதலில் அதனைத் துப்புரவாக்கி, வெடிப்புக்களை அடைத்தல் வேண்டும். உலர்ந்த வேப்பிலையை இடையிடையே இடுதல் அந்துப்பூச்சியின் தாக்கத்தைக் குறைக்க உதவும். உரத்தையும் மண்ணெண்ணெயையும் அவ்வறையில் வைத்தலாகாது. நெல்லின் இனத்தையும் அறுவடைத் திகதியையும் எழுதிச் சாக்கிற் கட்டுக.

4. முளைத்திறனைச் சோதித்தல்

விதைப்புக்கு மூன்று வாரம் முன்னர், பல சாக்குகளிலிருந்தும் எடுத்துக் கலந்த நெல்லில் 100 மணியை எண்ணி, ஈரச் சீலையில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்க. சீலை உலராது நீர் தெளித்து, ஏழாம் நாள் நல்ல முளைகளை எண்ணுக. 85 அல்லது அதற்கு மேல் முளைத்தால் ஏக்கருக்கு இரண்டு புசல் போதும். 68 மட்டும் முளைத்தால் இரண்டரைப் புசல் வேண்டும். அறுபதுக்குக் குறையின் வேறு விதை தேடுதல் நன்று. அதற்கு இரண்டு வார அவகாசம் கைவசம் உண்டு. அறுவடை செய்து சில வாரங்களே ஆன நெல் உறங்குநிலையால் முளைக்காதிருக்கலாம். அதனைக் கெட்ட விதையென ஒதுக்காது, சில வாரம் கழித்து மீண்டும் சோதிக்க.

5. உப்பு நீரிற் பிரித்தல்

ஊறவைக்கும் நாளில், வாளி நீரில் புதிய கோழி முட்டையொன்றை இடுக, அது அமிழும். முட்டை மிதந்து, அதன் மேற்பகுதி சிறு நாணய அளவு வெளித்தெரியும்வரை உப்பைக் கரைக்க. பின் முட்டையை எடுத்துவிட்டு நெல்லை இட்டுக் கலக்கி, மிதக்கும் பதரையும் அரைமணிகளையும் அகற்றுக. அடியில் தங்கியதை உடனே நல்ல நீரில் இருமுறை மும்முறை கழுவுதல் வேண்டும். உப்புத் தங்கினால் முளை கருகும். கழுவியதை 24 மணித்தியாலம் ஊறவிட்டு முளைகட்டுக.

மரக்கறி விதை

கத்தரி, மிளகாய், பயற்றை ஆகியவற்றில் நோயற்ற செடியின் முற்றிய காய்களிலிருந்து விதை எடுக்கலாம். கடையில் வாங்கிய கலப்பின விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்தால், அடுத்த பயிர் தாய்ச்செடியை ஒத்திராது.

எவ்வளவு வைத்தல் வேண்டும்?

இரண்டு ஏக்கர் செய்வோருக்கு நான்கு புசல் விதைப்புக்குப் போதும். எனினும் மேலும் இரண்டு புசலையேனும் ஒதுக்கி வைத்தல் நன்று. 2024 நவம்பர் வெள்ளத்தில் கிழக்கு வயல்கள் மூழ்கியதுபோல நேரின், மீண்டும் விதைக்க அதுவே கைகொடுக்கும். அயலில் இரண்டு மூன்று வீட்டார் ஒரே இனத்தைப் பேணின், ஒருவரது விதை கெட்டாலும் ஊரில் விதை அழியாது. வீட்டில் அரிசி தட்டுப்பட்டாலும் விதை நெல்லைக் குத்தலாகாது; அடுத்த போகம் அந்தச் சாக்கிலேயே இருக்கிறது.