எழுதிக் கொடுத்து ஜீவிப்பவர்களுக்கு: வேலைக் கடிதம் முதல் வசூல் வரை

பத்திரிகையிலோ கம்பெனியிலோ மாதச் சம்பளத்துக்கு அமராமல், கேட்பவர்களுக்குக் கேட்டதை எழுதிக் கொடுத்தே ஜீவனம் நடத்தலாம் என்ற உத்தேசத்தோடு யோசனை கேட்க வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர், வேலை எங்கே கிடைக்கும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களே திரும்ப வரும்போது அந்தக் கேள்வி மறைந்துபோயிருக்கிறது. எழுதிக் கொடுத்தாயிற்று, பணம் வரவில்லை. நாலாவது தடவையாகத் திருத்தம் கேட்கிறார்கள். மலருக்குக் கொடுத்த கட்டுரையை என் பெயரே இல்லாமல் தனிப் புத்தகமாகப் போட்டுவிட்டார்கள் என்ற முறையீடுகளே மிஞ்சுகின்றன. இந்த மூன்று சங்கடங்களுக்கும் மூலகாரணம் ஒன்றுதான்: வேலையைத் தொடங்குமுன் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதைத் தாட்சண்யத்தால் பேசாமல் விட்டுவிடுவது.

வேலை தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனை நோயாளிகளுக்குத் தரும் கையேடு, பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலர், தொண்டு நிறுவனத்தின் ஆங்கில அறிக்கைக்குத் தமிழாக்கம், ஆவணப்படத்துக்குப் பின்னணி உரை, ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரம் என்று தமிழ் எழுத்துக்குக் கூலி கொடுக்கும் இடங்கள் எந்தப் பெரிய ஊரிலும் உண்டு. இவற்றில் இரண்டு வகைகளை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்க மாதிரி தயார் செய்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுவேன் என்பவரை எதற்கும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூலியை நிர்ணயிப்பதில், மொழிபெயர்ப்பு வேலையானால் ஒரு ஜாக்கிரதை தேவை. சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்று பேசும்போது எந்த மொழியின் சொல்லை எண்ணுவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ‘போகவேண்டியிருந்திருக்காது’ என்று நாம் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவதற்கு ஆங்கிலத்தில் ஆறு சொற்கள் பிடிக்கும். வேற்றுமை உருபுகளோ நமக்குப் பெயர்ச்சொல்லோடேயே ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. ஆதலால் அதே விஷயம் தமிழுக்கு வந்ததும் சொற்கணக்கில் கணிசமாகக் குறைந்துபோகிறது; தமிழ்ச் சொல்லை எண்ணிக் கூலி வாங்குகிறவர், திருத்தமாகவும் செறிவாகவும் எழுத எழுத நஷ்டப்படுகிறார். மூலத்தின் சொற்களை எண்ணியே பேசுங்கள். அந்த எண்ணிக்கை வேலை தொடங்குமுன்பே இரு தரப்புக்கும் தெரியும் என்பதும் ஓர் அனுகூலம். சொந்தமாக எழுதும் வேலைக்குச் சொற்கணக்கே கூடாது. பழைய தலைமையாசிரியர்களைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டு, மங்கிப்போன சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டி, அவற்றிலிருந்து இரண்டு பக்கம் எழுதுகிறவருக்கு அந்த இரண்டு பக்கத்தை மட்டும் எண்ணிக் கொடுத்தால் பஸ் கட்டணமும் தேறாது. முழு வேலைக்கும் ஒரு தொகை, பிரயாணச் செலவு தனி என்று பேசுவதே சரி. இலக்கியப் பத்திரிகைகள் அனுப்பும் சன்மானத்தை இந்தக் கணக்கோடு கலக்க வேண்டாம். அது நாம் பிரியப்பட்டுச் செய்யும் காரியம். அந்தச் சிறு தொகையைக் காட்டி வியாபார நிறுவனங்கள் நம் கூலியைக் குறைக்க இடம்கொடுக்கலாகாது.

இனி, பலரும் இடறுகிற கட்டம். வேலையை ஒப்புக்கொண்ட அன்றே, ஒரு பக்கத்துக்கு மேற்படாத வேலைக் கடிதம் ஒன்றை நீங்களே எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் அனுப்பட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வந்தாலும் எல்லா உரிமைகளும் எக்காலத்துக்கும் எங்களுக்கே என்று முடிகிற ஆங்கில ஒப்பந்தமாக வரும். வக்கீல் பாஷை அவசியமில்லை. நூற்றாண்டு மலர் ஒன்றுக்குப் பள்ளி வரலாறு எழுத ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி இருக்கலாம்:

“தங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலருக்காகப் பள்ளி வரலாற்றை ஏறத்தாழ 6,000 சொற்களில் எழுதித் தர ஒப்புக்கொள்கிறேன். முதற்பிரதி ஜூன் 30க்குள் தங்கள் கைக்கு வரும். திருத்தங்களை அதன்பின் 15 நாட்களுக்குள், தாளாளர் ஒருவர் மூலமாகவே, ஒரே தொகுப்பாகத் தெரிவிக்கக் கோருகிறேன். இரண்டு சுற்றுத் திருத்தங்கள் இத்தொகையில் அடங்கும். மொத்தத் தொகை ரூ. 40,000. இதில் முன்பணம் ரூ. 16,000; முதற்பிரதி கொடுத்தவுடன் ரூ. 12,000; இறுதிப்பிரதி கொடுத்த 15 நாட்களுக்குள் ரூ. 12,000. மலரிலும் பள்ளியின் இணையதளத்திலும் வெளியிடும் உரிமை பள்ளிக்கு உண்டு. ஏனைய உரிமைகள் எழுதியவருக்கே. கட்டுரையின் கீழ் எழுதியவர் பெயர் அச்சாக வேண்டும்.”

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு குறிப்பிட்ட சச்சரவைத் தடுப்பதற்காக நிற்கிறது. தாளாளர் ஒருவர் மூலமாகவே என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மலர்க்குழு என்றால் தாளாளர், தலைமையாசிரியர், முன்னாள் மாணவர் சங்கத் தலைவர், நன்கொடையாளர் ஒருவர் என்று பலர் இருப்பார்கள். சங்கத் தலைவர் சேர்க்கச் சொன்ன பத்தியைத் தலைமையாசிரியர் எடுக்கச் சொல்வார். எடுத்தபின் நன்கொடையாளர் அது எங்கே என்று கேட்பார். இவர்களுக்குள்ளே இணக்கம் உண்டாக்குவது எழுத்தாளனின் வேலையன்று. அவர்களே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்து, ஒருவர் கையெழுத்தோடு அனுப்புவதுதான் முறை. இந்த ஒரு வரியைச் சேர்க்காதவர்களே நாலாம் சுற்றுத் திருத்தத்தில் சிக்கித் தவிக்கிறவர்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

திருத்தம் எது, புது வேலை எது என்பதிலும் மனத்தில் தெளிவு இருக்க வேண்டும். பிழையான தேதியைச் சரிசெய்வதும், நீண்ட பத்தியைச் சுருக்குவதும், விடுபட்ட பெயரைச் சேர்ப்பதும் திருத்தம். எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும் தறுவாயில் நிறுவனரின் குடும்ப வரலாறு என்று புதியதோர் அத்தியாயம் கேட்பது வேறு வேலை. அப்போது முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம், சங்கோசப்பட்டு இலவசமாக எழுதித் தரவும் வேண்டாம். “அவசியம் எழுதித் தருகிறேன் ஐயா. நம் கடிதத்தில் இல்லாத பகுதி ஆனதால் இதற்குத் தனியாக எட்டாயிரம் ஆகும். சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் நாளைக்கே ஆரம்பித்துவிடுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அந்த அத்தியாயம் இல்லாமலே மலர் நன்றாக இருக்கிறது என்பார்கள். மற்றவர்கள் பணம் கொடுப்பார்கள். இரண்டும் நல்ல பதில்களே.

முன்பணம் கைக்கு வராமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் இரண்டு பங்கு என்பது என் வழக்கம். எஞ்சிய தவணைகளை, உங்கள் கையிலுள்ள காரியத்தோடு மட்டுமே பிணைக்க வேண்டும். மலர் அச்சானதும் தருகிறோம், வெளியீட்டு விழா முடிந்ததும் தருகிறோம் என்ற வாசகங்களுக்கு ஒருபோதும் சம்மதிக்கலாகாது. விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுக்கத் தாமதமாகலாம், காகித விலை ஏறியதென்று அச்சு தள்ளிப்போகலாம், தேர்தல் அறிவிப்பு வந்து எல்லாமே நின்றுபோகலாம். இவற்றில் எதற்கும் எழுதியவர் பொறுப்பாளி அல்லர். உங்கள் கடமை பிரதியைக் கொடுப்பதோடு முடிகிறது. பணத்தின் தேதியும் அதையொட்டியே அமைய வேண்டும்.

உரிமை பற்றிய வரியை அநாவசியம் என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் அநேகர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவரிடம் சம்பளத்துக்கு இராமல் தனியாக எழுதிக் கொடுப்பவரின் எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. கூலி கொடுத்துவிட்ட காரணத்தினாலேயே உரிமை கைமாறிவிடுவதில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது, எழுதியவர் கையெழுத்திட்ட தஸ்தாவேஜினால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் பொருள் கொள்ளுகிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, அந்த உரிமை மாற்றமே காலாவதியாகிவிடும். எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிற சொத்து இது. அதோடு, ஓர் எழுத்துக்குள் அச்சுரிமை, ஒலியுரிமை, திரைப்பட உரிமை, மொழிபெயர்ப்புரிமை என்று பல உரிமைகள் அடங்கியிருக்கின்றன. பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை, அச்சு உரிமையிலிருந்து தனியே பிரிந்து கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்து, 1949இல் பாரதி படைப்புகள் அரசுடைமை ஆகும்வரை தனிச்சொத்தாகவே இருந்தது நாம் அறிந்த சரித்திரம். மலருக்கு எழுதுவதை மலருக்கு மட்டும் கொடுங்கள். முழு உரிமையும் வேண்டும் என்று கேட்டால் கொடுக்கலாம். ஆனால் அதற்கு விலை வேறு.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பிரதி யூனிகோடில் தரப்படும், அச்சக எழுத்துருவுக்கு மாற்றியபின் மெய்ப்பு எழுதியவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களைக் கைவிடாத அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. மாற்றும்போது ‘ஸ்ரீ’ சிதைந்துவிடும், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், ஊர்ப் பெயரின் நடுவே கேள்விக்குறி முளைக்கும். பழி மட்டும் கட்டுரையின் கீழே பெயருள்ளவருக்கு.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதம் என்று ஒரு வரிப் பதில் வாங்கிக்கொண்டால் வேலையைத் தொடங்கலாம். முழு உரிமையை விற்பதானால் மட்டும் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். சம்மதத்தை வாட்ஸப்பில் குரல் செய்தியாகச் சொல்பவர்களுக்கு, அன்று மாலையே அவர் சொன்னதை எழுத்தில் வடித்து, “இன்று தாங்கள் தெரிவித்தபடி” என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். நல்ல மனிதர்களிடம் கடிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனிதர்களே மாற்றலாகிப் போகிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள். அந்த நாற்காலியில் அடுத்து வந்து அமர்பவருக்கு உங்களைத் தெரியாது, கடிதத்தைத்தான் தெரியும்.

எழுதும் வேலையைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது தெரிந்துதானே இத்தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுங்கள்.

இறுதிப்பிரதி போகிற அதே நாளில் பில்லும் போக வேண்டும். பில் எண், தேதி, வேலைக் கடிதத்தின் தேதி, உங்கள் பான் எண், வங்கிக் கணக்கு விவரம், அவர்கள் கொள்முதல் ஆணை கொடுத்திருந்தால் அதன் எண் ஆகியவை இருந்தால் போதும். தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் கம்பெனிகள் பெரும்பாலும் 10 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக்கொள்ளும், ரூ. 1,00,000 பில்லுக்கு ரூ. 90,000 வந்தால் யாரும் ஏமாற்றிவிட்டதாகப் பதற வேண்டாம். ஆனால் பிடித்த ரூ. 10,000 உங்கள் பான் எண்ணுக்கு எதிரே அரசுக்குச் செலுத்தப்பட்டிருக்கிறதா என்பதை வருமான வரித் துறையின் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரையில் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, பதிவு இல்லாதவர் பில்லில் அந்த வரியைச் சேர்க்கவும் கூடாது. தொழில் வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறித்த தேதி கடந்தால் மறுநாளே விசாரிக்க வேண்டும். வேலை கொடுத்தவரை விசாரிப்பதில் பிரயோஜனமில்லை. பில் எங்கே கிடக்கிறது என்பது அவருக்கே தெரியாது. கணக்குப் பிரிவைக் கூப்பிட்டு, “வணக்கம் சார், இந்த எண்ணுள்ள பில் எந்த நிலையில் இருக்கிறது? நான் ஏதாவது ஆவணம் தர வேண்டியிருக்கிறதா?” என்று கேளுங்கள். வெண்டர் கோடு போடவில்லை, ரத்து செய்த காசோலை நகல் இல்லை என்பது போன்ற அற்பக் காரணங்களே பாதி பாக்கிகளை நிறுத்தி வைத்திருக்கும். பேசி முடித்தவுடன், பேசியவரின் பெயரையும் அவர் சொன்ன தேதியையும் குறித்துவைத்து, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

நயமாகக் கேட்டும் அசையாதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உத்யம் பதிவு பெற்ற சிறு தொழில்முனைவோருக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது; ஒப்பந்தமே இல்லாவிட்டால் கெடு 15 நாட்கள்தான். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் தகராறு வந்தபின் ஓடிப் போய்ப் பதிந்தால் பயன்படாது என்பதால், முதல் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள். பதிவு எண்ணைப் பில்லின் தலைப்பில் அச்சிட்டாலே சில கணக்குப் பிரிவுகள் சுறுசுறுப்படைவதைப் பார்க்கலாம்.

பணப் பாக்கிக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு 3 ஆண்டுகள். அதற்குள், பாக்கி இருப்பது உண்மை என்று அவர்கள் கையெழுத்திட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகக் கணக்காகும். பழைய பாக்கிகளைச் சொல்லக் கூசி மனத்துக்குள்ளேயே வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இன்றே அந்த பில்களை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள்.