பிரபுக்கள் சபையும் 1911ஆம் ஆண்டுச் சட்டமும்

சட்டம் இயற்றும் சபைகள் இரண்டாக அமைந்த நாடுகளில், ஒன்றன் விருப்பத்தை மற்றொன்று எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு இங்கிலாந்து கண்ட விடையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1909ஆம் ஆண்டில் நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ், முதியோர் உபகாரச் சம்பளத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பொருள் வேண்டி, நிலத்தின்மீதும் பெருஞ்செல்வர் வருமானத்தின்மீதும் புதுவரிகள் விதிக்க முற்பட்டார். காமன்ஸ் எனப்படும் பொதுச் சபை இசைந்தது. நிலக்கிழார் நிறைந்த பிரபுக்கள் சபையோ, 350க்கு 75 என்ற வாக்குக் கணக்கில் அதனை மறுத்துவிட்டது. வரி விஷயத்தில் பிரபுக்கள் குறுக்கிடுவதில்லை என்பது நெடுநாளைய வழக்கம். ஆயினும் எழுதாத வழக்கம். அதனை மீறியதே அவர்தம் அதிகாரத்துக்குக் கேடாய் முடிந்தது. 1910இல் இரு பொதுத் தேர்தல்கள் நடந்தன. வேண்டுமாயின் புதுப் பிரபுக்களை ஏராளமாக நியமிப்பதாக மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், பிரதம மந்திரி ஆஸ்குவித்துக்கு வாக்களித்திருந்தார். அவ்வச்சத்தால், தம் கையைக் கட்டும் சட்டத்துக்கு 1911 ஆகஸ்டில் 131க்கு 114 என்ற கணக்கில் பிரபுக்களே இசைந்தனர்.

அதன்படி, பண மசோதாவை அவர்கள் ஒரு மாதத்துக்குமேல் நிறுத்திவைத்தல் இயலாது. ஏனைய பொது மசோதாக்களை ஏறக்குறைய இரண்டாண்டு தாமதிக்கலாம். 1949இல் அதுவும் ஓராண்டாயிற்று. தாமதமும் ஒரு வலிமையே என்பது நம் துணிபு. மக்கள் மசோதாவைப் படித்துப் பார்க்க அது இடந்தருமன்றோ?

ஒன்றில் மட்டும் பழைய அதிகாரம் குறையாது நின்றது. பார்லிமெண்டின் ஆயுளை ஏழாண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்த அச்சட்டம், அதனை மேலும் நீட்டும் மசோதாவுக்குப் பிரபுக்களின் இசைவு வேண்டும் என்றது. பொதுச் சபை தேர்தலைத் தானே தள்ளிவைத்துக்கொள்ளுமாயின், கேட்பார் யார்? 1935இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை, போரின் காரணமாக 1945 வரை இருந்தது. எனினும் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் இரு சபைகளும் இசைந்தன.

இங்கே நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. 1949ஆம் ஆண்டுத் திருத்தம், பிரபுக்களின் இசைவின்றி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைக்கொண்டே நிறைவேறியது. அவ்வாறே இவ்விதிவிலக்கையும் முதலில் நீக்கிவிட்டு, பின்னர் ஆயுளை நீட்டினால் என் செய்வது? 2005இல், நாய்களைக்கொண்டு வேட்டையாடுதலைத் தடுக்கும் சட்டம் பற்றிய வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லும் என்றனர். (அந்நீதிபதிகளும் அப்பொழுது பிரபுக்கள் சபையினரே என்பது வேடிக்கை.) ஆயினும் மேற்கூறிய குறுக்குவழி செல்லாது என்று அவருட் பலர் கருதினர், பிங்ஹாம் பிரபு அக்கருத்துக்கு உடன்படவில்லை. வழக்கின் தீர்ப்புக்கு அது வேண்டப்படாமையின், வினா இன்னும் முடிவுறாமலே நிற்கின்றது.