கியூவுக்கு எவ்வளவு காசு போடலாம்?

கேள்வி: பூல் ஆடப் பழகுகிறேன். தினமும் ஆட விலை கூடின கியூ வேண்டுமா?
– வாசகர், நானாட்டான்

பதில்: வேண்டாம், தம்பி. ஸ்டீபன் ஹென்ட்ரி சிறுவயதில் வாங்கிய 40 பவுண் கியூவால்தான் 1990 முதல் 1999 வரை ஏழு தடவை உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். 2003இல் விமானப் பயணத்தில் முறியும்வரை அவர் அதை விடவில்லை.

பூவேலைக்குக் காசு கொட்டாதீர்கள், நேரான தண்டுக்குக் கொடுங்கள். மேசையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த கியூ துள்ளித் துள்ளி உருளும், அடியில் வெளிச்சம் தெரியும். மிச்சக் காசை முனைத்தோலுக்கு வையுங்கள். பந்தில் படுவது ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் அகலமான அந்தத் தோல் மட்டும்தான். அது தட்டையாகி மினுங்கினால் சோக் பிடிக்காது, அடி வழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். கியூ வளையாமலிருக்க, அதைச் சுவரில் சாய்க்காமல் உறையில் போட்டுக் கிடத்தி வையுங்கள்.