ராஜபாளையம் நாய் உங்கள் வீட்டுக்கு ஏற்றதா?

பால் போன்ற வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். ராஜபாளையம் நாயை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று இது.

இதன் குட்டியொன்றை வாங்கித் தரும்படி நீங்கள் வீட்டில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நீங்கள் பள்ளியை முடித்து வெளியூர் சென்ற பிறகும் அது வீட்டில் இருக்கும். எனவே விலையை விசாரிக்குமுன் சில கேள்விகளுக்கு விடை காண்போம்.

எந்த வேலைக்காக உருவான இனம்?

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ராஜபாளையம் பகுதியில், காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் இந்நாய் பயன்பட்டது. வேகமும் வலிமையும் உள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். இதைச் செயற்கைத் தேர்வு என்கிறோம். அதன் விளைவாக, தோள் வரை சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஓடுவதற்கென்றே அமைந்த உடல் இதற்கு வாய்த்தது. இதை நாள் முழுவதும் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? ஓயாமல் குரைக்கும், கிடைத்ததைக் கடித்துக் குதறும். நாம் அதைச் சேட்டை என்று அடிப்போம்!

வெயிலைத் தாங்குமா?

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அது இரைக்கும்போது நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. ராஜபாளையம் நாயின் மயிர் குட்டையானது. ஆகவே அடர்ந்த மயிருள்ள குளிர்நாட்டு நாய்களைவிட நம் வெப்பத்தை இது நன்றாகத் தாங்கும். ஆனால் நிறமி குறைந்த தோல் கடும் வெயிலில் புண்ணாகலாம். நிழலும் தண்ணீரும் அவசியம்.

காது கேட்கிறதா?

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். மயிருக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்செவியிலும் உள்ளன. அங்குள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்க அவை உதவுகின்றன. அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள், குட்டி பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடுகின்றன. எல்லா வெள்ளை நாய்களுக்கும் இக்குறை வருவதில்லை. ஆனால் ராஜபாளையம் இனத்தில் பிறவிக் காது கேளாமை காணப்படுகிறது.

குட்டி உறங்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். தரை அதிரவோ, காற்று அதன் மேல் படவோ கூடாது. விழித்தால் ஒரு காதாவது கேட்கிறது என்று பொருள். ஒரு காது மட்டும் கேளாததை, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையால்தான் உறுதி செய்ய முடியும்.

குணம் எப்படி?

ராஜபாளையம் நாய் அந்நியரை அண்டவிடாது என்பார்கள். ஆனால் இனத்தின் பெயர் குணத்தை எவ்வளவு தூரம் சொல்லும்? 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் தகவல்களைத் திரட்டியது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டையே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. ஆகவே தாய் நாயின் குணத்தை நேரில் பாருங்கள். பிறந்த முதல் மூன்று மாதங்களில் குட்டி மனிதர்களுடன் பழகியதா என்றும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

குட்டி வாங்குமுன், நாய் இருப்பதாகவே எண்ணி, ஒரு வாரம் காலையும் மாலையும் அரை மணி நேரம் நடந்து வாருங்கள். யார் போனார்கள், எந்த வேளை தவறியது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மொத்தம் 14 நடை. தேர்வு நாளிலும் மழை நாளிலும் யாராவது போனீர்களா? வீட்டைச் சுற்றி வேலியிட்ட இடம் இருந்து, 14-உம் நிறைவேறியிருந்தால் இந்த இனம் உங்களுக்கு ஏற்கும். பாதி தவறியிருந்தால் இப்போதைக்கு வேண்டாம். நஷ்டம் ஏதுமில்லை, ஒரு நாய் பத்து ஆண்டுச் சிறையிலிருந்து தப்பியது!