நாரிக்கும் உணர்வு உண்டு

கண்களை மூடிக்கொண்டு நின்று, இடுப்பிலிருந்து சற்றுக் குனியுங்கள். எவ்வளவு குனிந்திருக்கிறீர்கள் என்பது பார்க்காமலே உங்களுக்குத் தெரியும். இவ்வாறு உடலின் இருப்பை உள்ளிருந்தே அறிவதை நிலையுணர்வு என்பர். பிரித்தானிய உடற்றொழிலியலாளர் செரிங்ரன் 1906ஆம் ஆண்டில் இதற்குத் தனிப்பெயர் இட்டார்.

செய்தி எங்கிருந்து வருகிறது?

நாரியில் 5 முள்ளந்தண்டெலும்புகள் உள்ளன. அவற்றை ஒட்டி ஆழத்தில் சிறிய தசைகள் இருக்கின்றன. தசைக்குள் நூற்கதிர் வடிவான நுண்ணிய உறுப்புகள் உண்டு. தசை எவ்வளவு, எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதை இவை நரம்பு வழியே மூளைக்கு அறிவிக்கும்.

இரண்டாவது தொடுப்பிழையம். எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களும், தசைகளைப் போர்த்திருக்கும் உறுதியான சவ்வும் இதில் அடங்கும். நாரியிலுள்ள சவ்வு முதுகு, வயிறு, பிட்டம் ஆகியவற்றின் தசைகளோடு தொடுக்கப்பட்டுள்ளது. இதிலும் நரம்பு முனைகள் உண்டு. தசை இறுகினால் சவ்வும் இழுபடும். எனவே இரண்டும் சேர்ந்தே செய்தி அனுப்புகின்றன.

செய்தி பிழைப்பது எப்போது?

நெடுநேரம் குனிந்து நாற்று நடும்போது நார்கள் மெல்ல மெல்ல இளகி நீள்கின்றன. நிமிர்ந்தவுடன் அவை பழைய நிலைக்கு வருவதில்லை. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 20 நிமிடம் குனிந்திருந்தவர்களுக்கு 2 நிமிட ஓய்வின் பின் ஏறத்தாழ அரைவாசியே மீண்டது. தளர்ந்த நாரும் களைத்த தசையும் சரியான செய்தியை உரிய நேரத்தில் அனுப்புவதில்லை. அந்த வேளையில் மூட்டையைத் தூக்கினால், காக்க வேண்டிய தசை பிந்தி இறுகும். நாரி பிடித்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியவை

1. குனிந்து வேலை செய்யும்போது, நோ வருமுன்பே இடையிடையே நிமிருங்கள். கைகளை இடுப்பில் ஊன்றிச் சற்றுப் பின்னே வளைந்து, சில அடிகள் நடவுங்கள்.

2. நெடுநேரம் குனிந்திருந்த கையோடு பாரம் தூக்க வேண்டாம். முதலில் நின்று செய்யும் இலேசான வேலையைச் சிறிது நேரம் செய்யுங்கள்.

3. இடம்பெயர்ந்து மாதக்கணக்கில் தோட்டவேலை இன்றி இருந்தவர்கள் முதல்நாளே முழுநாளும் கொத்த வேண்டாம். நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

4. பாயில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மேலே வளைத்துப் பின் கீழே தாழ்த்துங்கள். கண்ணை மூடி, நடுநிலை என்று நினைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சரியா என்று வீட்டார் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். நோ கூடினால் நிறுத்துங்கள்.

5. நாரிப்பிடிப்பு வந்தால் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டாம். இயன்ற அளவு மெல்ல நடவுங்கள்.

கவனிக்க: கால் பலமிழத்தல், தொடைகளின் இடையில் விறைப்பு, சிறுநீர் போகாமை அல்லது அடக்க முடியாமை ஏற்பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

காணியையும் கருவிகளையும் விட்டுவந்த குடும்பத்துக்கு உழைப்பதற்கு மிஞ்சியிருப்பது உடல்தான். அதைப் பேணுவதும் விவசாயத்தில் ஒரு பகுதியே.

கலந்துரையாட: உங்கள் வேலைகளில் அதிக நேரம் குனிய வைப்பது எது? அதை இருவர் மாறி மாறிச் செய்யலாமா?